காலி ஓட்டம்

மணிமொழிக்குப் படிக்க வாரத்தில் பதினான்கு மணி நேரம் வேண்டும். அவளிடம் இருந்தது ஐந்து.

தேர்வை மூன்றாவது முறையாக எழுதுகிறாள். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதின்மூன்று வருடமாகத் தரம் பார்க்கிறாள். ஆலையை ஒரு நாள் முழுக்கத் தனியாக நடத்த அவளால் முடியும். நடத்தியும் இருக்கிறாள். ஆனால் மேலாளர் வேலைக்கு மேலாண்மைப் பட்டம் கேட்கிறார்கள். பட்டப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு. இந்த வருடம் தேர்வானால் இரண்டு வருடத்துக்கு, வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு விடுவதாக ஆலை ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அந்த வாய்ப்பு வேறொருவருக்கு.

அவள் கணவன் குபேந்திரன் டவுன் பஸ் டெப்போவில் அட்டவணை போடுகிறவன். பஸ்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அட்டவணைக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டியிருந்தது. எந்தத் தெருவில் எந்தக் கிழமை சந்தை என்று பஸ்ஸுக்குத் தெரிவதில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அவளுடைய ஒரு நாளைத் தாளில் எழுதினான்.

"ஒரு வண்டி நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுதுங்கறது பெரிய விஷயமில்ல மணி. அதுல எத்தன கிலோமீட்டர் ஆளில்லாம ஓடுதுன்னு பாக்கணும்."

"நான் வண்டியா?"

"நல்ல வண்டி. எஃப்.சி. முடிச்ச வண்டி."

அவள் கையிலிருந்த கரண்டியைக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான்.

"டெப்போவுல இருந்து மொத ஸ்டாப் வரைக்கும் வண்டி சும்மா போகும். ஏற ஆளிருக்காது, இறங்க ஆளிருக்காது. அதுக்குக் காலி ஓட்டம்னு பேரு. அதக் கொறச்சாதான் நல்ல அட்டவணை."

சிவப்புப் பேனாவால் அவள் நாளின் காலி ஓட்டங்களைச் சுழித்தான். தோசை ஊற்றுவது. ஆலைக்குப் போகும் பஸ். நாலு மணிக்கு எடுக்கும் ஈரப்பதப் பதிவு. பாத்திரம். துணி மடிப்பது. மகள் ஆதிரைக்குச் சடை.

"சடைக்கு இருபத்தஞ்சு நிமிஷமா?"

"ரெட்டைச் சடை. மடிச்சுக் கட்டணும். ரிப்பன் வேற. அவங்க பள்ளிக்கூடத்து ரூலு."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"அவளுக்கு அப்படியே உங்க தங்கச்சி முடி. என்னைக் கேக்காதீங்க."

சடையையும் சுழித்தான். கூட்டினான். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வந்தது.

"இதெல்லாம் தடத்துல ஏத்திரலாம்" என்றான்.

தடம் புதிதல்ல. ஆலையில் மூட்டை தைப்பவர்கள் பாதிப் பேர் வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் மிளகு அளவில் ஒரு கருவி. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு கிளினிக்கில் ரோஸ்லின் என்ற பெண் அதைப் பொருத்தினாள். பொருத்தும்போது பேசிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க ஆயிரம் தடவ செஞ்ச வேலையத்தான் இது எடுத்துக்கும். அமுக்குனீங்கன்னா கண்ணும் கையும் இதோடது. மனசு உங்களோடது. கேள்விய காதுல போட்டுக்கங்க, கணக்குப் போடுங்க. முடிஞ்சதும் தானா விட்டுரும்."

"யாராவது பேசுனா?"

"பதில் சொல்லும். வழக்கமா நீங்க என்ன சொல்வீங்களோ, அத."

"எனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தானே போடறீங்க?" ரோஸ்லின் பஞ்சை வைத்து அழுத்தினாள். "பயப்படாதீங்க. ஏதாவது புதுசா நடந்தா எழுப்பிரும். புகை, ரத்தம், யாராவது சத்தம் போட்டுக் கூப்பிட்டா. பழகுனதுக்கு எழுப்பாது."

ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்தது.

அவள் முக்காலியில் உட்காருவாள். பதினொரு வயது ஆதிரை முன்னால் தரையில் உட்காருவாள். மணிமொழி காதுக்குப் பின்னால் அமுக்குவாள். அடுத்த கணம் இரண்டு சடையும் முடிந்திருக்கும். ரிப்பன் கட்டியிருக்கும். இடையில் பதினெட்டுக் கணக்கு போட்டிருப்பாள்.

சடைகள் ஒரே நீளத்தில், ஒரே இறுக்கத்தில் இருந்தன. நடுவகிடு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

ஜூனில் மாதிரித் தேர்வில் நூறு பேரில் அறுபத்தொரு பேரை முந்தினாள். ஆகஸ்டில் எண்பத்து நான்கு. செப்டம்பரில் தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு வந்தால் இடம் உறுதி என்றார்கள். குபேந்திரன் ஒவ்வொரு எண்ணையும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையின் மேல் மூலையில் எழுதினான். டெப்போவில் எல்லோரிடமும் சொன்னான். அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு. கேரம் பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. சனிக்கிழமைகளில் ஆதிரையின் தோழி ரெஹானா விளையாட வருவாள்.

"ரெஹானா வரலையா இன்னிக்கி? மூணு வாரமா ஆளையே காணோம்" என்றாள் மணிமொழி.

ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளையாடாதம்மா."

"என்ன வெளையாட்டு?"

"அவதான் ஓசூருக்குப் போயிட்டாளே. அவங்க அப்பாவுக்கு மாத்தலாயிருச்சு. சொன்னேன்ல?"

"எப்ப சொன்ன?"

"சடை போடறப்ப. அழுதேன்ல. நீ தலைல கைய வச்சே. சரியாயிரும் கண்ணுன்னு சொன்னே."

குபேந்திரன் மோர் ஊற்றுவதை நிறுத்தினான்.

ஆதிரை அம்மாவின் காதைப் பார்த்தாள். அம்மாவிடம் தடம் இருப்பது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் படிக்க என்று அப்பா சொல்லியிருந்தான்.

"சடை போடறப்பவும் அத அமுக்குவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"ம்" என்றாள் மணிமொழி.

"அப்ப கைய வச்சது யாரு?"

ஆதிரை தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். கேரம் பலகையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மணிமொழிக்குத் தோன்றியது.

மறுநாளைக்கு மறுநாள் ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரோஸ்லினிடம் போனாள்.

"புதுசா ஏதாவது நடந்தா எழுப்பும்னு சொன்னீங்க."

"ஆமா."

"என் பொண்ணு அழுதிருக்கா. எழுப்பல."

"சத்தமா அழுதாளா?"

"அவ சத்தமா அழ மாட்டா."

ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்க முன்னாடி உக்காந்துக்கிட்டு அவ மெதுவா அழுதது அதுதான் மொத தடவையா?"

மணிமொழி யோசித்தாள். மூன்றாம் வகுப்பில் பென்சில் பெட்டி தொலைந்தது. ஆண்டு விழாவில் பின்வரிசைக்குத் தள்ளியது. பூனை வராமல் போனது. எல்லாம் அந்த முக்காலிக்கு முன்னால்தான்.

"இல்ல."

"அப்ப இதுக்கு அது புதுசில்ல. நீங்க கைய வச்சதும் புதுசில்ல. எத்தனையோ தடவ வச்சிருக்கீங்க, அதனாலதான் தானா வச்சுது. ஒருநாளும் வைக்காத கைன்னா இதுவும் வச்சிருக்காது."

மணிமொழி காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள்.

"அவ சொன்னதெல்லாம் இதுல இருக்குமா? கேக்க முடியுமா?"

"எதையும் சேத்து வைக்காதுக்கா. போனது போனதுதான்."

"எடுத்துருங்க."

"பஸ்ஸுக்கும் பாத்திரத்துக்குமாவது வச்சுக்கங்க. பரீட்சை பக்கத்துல வந்துருச்சுன்னீங்களே?"

"நாப்பது நாள் இருக்கு. எடுத்துருங்க. இருந்தா அமுக்குவேன்."

எடுத்த இடத்தில் ரோஸ்லின் சின்னப் பிளாஸ்திரி ஒட்டினாள். "ஒண்ணு சொல்லிர்றேன். கொஞ்ச நாளைக்குக் கை தடுமாறும். இத்தன மாசமா அந்த வேலைய நீங்க செய்யல பாருங்க. கைக்கு மறந்திருக்கும்."

மறுநாள் காலை மணிமொழி முக்காலியில் உட்கார்ந்தாள். ஆதிரை வந்து நின்றாள். உடனே உட்காரவில்லை. பிளாஸ்திரியைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

வகிடு எடுக்க மூன்று முறை சீவ வேண்டியிருந்தது. மூன்று கால்களில் எது எதன் மேல் போகும் என்று விரல்களுக்குத் தெரியவில்லை. முதல் சடை பாதியில் அவிழ்ந்தது. இரண்டாவது காதுக்கு மேலே ஏறி நின்றது.

"கண்ணாடி குடு" என்றாள் ஆதிரை. பார்த்தாள். "அம்மா, ஒண்ணு கொம்பு மாதிரி இருக்கு."

"அவுத்துட்டுப் போடட்டா?"

"பஸ் போயிரும்." கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தாள். "இருக்கட்டும்."

கொம்போடு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வந்து, "மிஸ் யாரு சடை போட்டதுன்னு கேட்டாங்க" என்றாள்.

"என்ன சொன்ன?"

"எங்க அம்மான்னு சொன்னேன்."

இரண்டு நாள் கழித்து ஆதிரை ஒரு ஏற்பாடு சொன்னாள். ஜூனிலிருந்து சொன்னது எல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே நாளில் சொல்ல முடியாது.

"தெனமும் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு."

"பழசு எத்தன இருக்கும்?"

"பள்ளிக்கூடம் இருந்தது தொண்ணூறு நாள். எல்லாம் ஞாபகம் இல்ல. முக்கியமானது மட்டும்."

பழசு ஒன்று, புதுசு ஒன்று, தடுமாறும் கை. சடைக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

குபேந்திரன் ஃபிரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழித்தான். புதுத் தாளில் எழுத உட்கார்ந்தான். வெகுநேரம் எழுதவில்லை.

"நான்தான் தப்பாப் பிரிச்சேன்" என்றான்.

"அமுக்குனது நான்தானே?"

"அட்டவணை என்னோடது மணி. பதினேழு வருஷமா இதே வேல. வண்டி காலியாப் போகுதுன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஏறிப் பாக்கணும். டெப்போவுல நாங்க பாப்போம். இங்க பாக்கல. உள்ள ஒரு ஆளு உக்காந்திருந்திருக்கு."

அவள் அவன் தோளில் இடித்தாள். "உங்களுக்குத் தடம் இருந்தா எத ஏத்துவீங்க?"

"ஆயிரம் தடவ செஞ்சதா?"

"ம்."

யோசித்தான். "பல்லு வெளக்கறது. ஷூ பாலீஷ்."

"என்னைத் தெனம் ஆலை பஸ் ஏத்தி விடறீங்களே, ஸ்கூட்டர்ல. பதினோரு நிமிஷம். ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"இருக்கும்."

"அத?"

"அதுல ஆள் இருக்கு" என்றான். தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

புது அட்டவணையில் பாத்திரமும் துணியும் அவன் பெயருக்குப் போயின. ஞாயிறு சந்தையும். தோசை ஊற்ற ஆதிரை கற்றுக்கொண்டாள். முதல் வாரம் தோசைகளும் கோணலாக இருந்தன. ஆலை பஸ்ஸில் மணிமொழி புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்தாள். பக்கத்து இருக்கைப் பெண் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அட்டவணையில் தினமும் ஒரு கால் மணி நேரத்துக்கு எதிரே எதுவும் எழுதாமல் 'ஸ்பேர்' என்று மட்டும் இருந்தது.

"இது என்ன?"

"எந்த டெப்போவும் ஒரு வண்டிய சும்மா நிறுத்தி வைக்கும். வழில ஒண்ணு படுத்துருச்சுன்னா எடுத்துட்டுப் போக."

"இவ்வளவு நேரம் கம்மியா இருக்கறப்ப எதுக்கு?"

"அப்பதான் வேணும்."

அக்டோபர் கடைசியில் மாதிரித் தேர்வில் எண்பத்தாறு. குபேந்திரன் அதையும் மூலையில் எழுதினான், தொண்ணூறை அடிக்காமல். நவம்பர் நடுவில் எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு வரவே இல்லை. ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. பாத்திரம் கழுவினான். கழுவும்போது அவளிடம் விகிதக் கணக்குகளைக் கேட்டான். தப்பாகப் படித்தான். அவள் கேள்வியைத் திருத்திவிட்டு விடை சொன்னாள்.

ஜனவரியில் சேர்க்கைப் பட்டியல் வந்தது. முதல் பட்டியலில் அவள் இல்லை. இரண்டாவதில் இருந்தாள். கடைசியிலிருந்து நான்காவது பெயர்.

ஆனால் அதற்கு முன்னால் நவம்பர் கடைசி ஞாயிறு.

தேர்வு ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். மணிமொழி ஐந்தே முக்காலுக்குத் தயாராக இருந்தாள். நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, தண்ணீர். சூத்திரங்கள் எழுதிய ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கடைசியாக ஒருமுறை பார்க்க.

ஆதிரை சீப்போடு வந்தாள். குளித்து, உடை மாற்றியிருந்தாள். அவளும் கூட வருவதாக ஏற்பாடு. முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமைடி. சடை வேண்டாம்ல?"

ஆதிரை சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

மணிமொழி தாளைப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டுச் சீப்பை வாங்கினாள்.

வகிடு ஒரே இழுப்பில் வந்தது. முடியை மூன்றாகப் பிரித்தாள். விரல்கள் நிற்கவில்லை. ஆதிரை புதுசு ஒன்று சொன்னாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றி. மணிமொழி "ம்" கொட்டினாள். மடித்தாள். ரிப்பன் கட்டினாள்.

ஆதிரை கையைப் பின்னால் கொண்டுவந்து சடைகளைத் தடவினாள். இரண்டும் ஒரே நீளம். ஒரே இறுக்கம். நடுவகிட்டைத் தடவினாள். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

பேச்சை நிறுத்தினாள். முகம் தெரியவில்லை. தோள்கள் மட்டும் ஏறின.

"பழசு ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"ஜூன் மாசம் ஸ்போர்ட்ஸ் டே நடந்துச்சு. ரெஹானாவுக்கு ஷூ பிஞ்சிருச்சு. என் ஷூவ அவளுக்குக் குடுத்துட்டு நான் வெறும் காலோட ஓடுனேன். செகண்டு வந்தேன்."

"உங்க ஸ்போர்ட்ஸ் டே ஆகஸ்ட்ல" என்றாள் மணிமொழி.

ஆதிரை அசையவில்லை.

"உன் ஷூ அவளுக்குச் சேராது. அவ கால் பெருசுன்னு நீதான் சொன்ன, தீபாவளிக்கு மறுநாள். நீ ஓடவும் இல்ல. கயிறு இழுக்கற டீம்ல கடைசி ஆளு. உள்ளங்கை தோல் உரிஞ்சுது. அது நீ மொத வாரமே சொன்ன பழசு."

தோள்கள் இறங்கின. ஆதிரை திரும்பி அம்மாவின் காதுக்குப் பின்னால் பார்த்தாள். சின்னத் தழும்பு மட்டும் இருந்தது.

"நீதான் இருக்கே" என்றாள்.

"இருக்கேன்டி. கைக்கு வந்துருச்சு, அவ்வளவுதான்."

ஆதிரை எழுந்து பாவாடையைத் தட்டினாள். "பழசு எப்பவோ தீந்துருச்சும்மா. தீபாவளிக்கு முன்னாடியே."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப மிஸ்ஸோட விக்கு பறந்துச்சுன்னு சொன்னது?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?"

"நல்லா இருந்துச்சு."

மணிமொழி எழுந்தபோது சூத்திரத் தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பையில் வைத்தாள். இனிப் பார்க்க நேரமில்லை. வாசலில் குபேந்திரன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"லேட்டாயிருச்சாங்க?"

"இல்லையே."

"சடை போட்டேன். இவ உக்காந்துட்டா. ஸ்பேர்ல கழிச்சுக்கங்க."

"ஸ்பேர் அப்படியே இருக்கு" என்றான். சட்டைப் பையிலிருந்து அன்றைய அட்டவணையை எடுத்துக் கொடுத்தான். அவன் வெள்ளிக்கிழமையே எழுதியது. நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான்.

ஐந்து நாற்பத்தைந்து, சடை. ஆறு பத்து, புறப்பாடு.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறு பத்து.